பக்கத்து ஊர் டாக்டர்

ராஜபாளையத்துக்காரர்கள் மனநல மருத்துவரைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் வருவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் ராஜபாளையம் போவார்கள். இடையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். தெரிந்தவர் கண்ணில் படாமலிருக்க அந்தத் தூரம் போதும் என்று ஒரு நம்பிக்கை. நான் ராஜபாளையத்தில் குடியிருந்துகொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் கிளினிக் வைத்தவன். அதனால் என் ஊர்க்காரர்களே என்னிடம் அதிகம் வந்தார்கள். கல்யாண வீட்டில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களும் அவர்கள்தான்.

1992இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது வீட்டாருக்கு நான் அப்போதே சர்ஜன். அப்பாவுக்கு நூற்பாலையில் வேலை. பக்கத்துச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர். "கட்டுத்துணி நம்ம பக்கம் நெய்யுறாக, கட்டுப்போட நீ இருக்க" என்பார். முதுநிலையில் சைக்யாட்ரி எடுக்கிறேன் என்றதும் அம்மா, "பைத்தியக்கார டாக்டருன்னா யாருப்பா பொண்ணு குடுப்பாக?" என்றார்.

ஏன் எடுத்தேன் என்பதற்குப் பெரிய தத்துவமெல்லாம் இல்லை. பயிற்சிக் காலத்தில் வார்டில் ஒருவர், சோற்றில் விஷம் இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார். ஹாலோபெரிடால் கொடுத்து நான்கு வாரம் கழித்து, "சாப்டீங்களா தம்பி?" என்று என்னைக் கேட்டார். அவ்வளவுதான்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை எரிந்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். நான் அப்போது முதுநிலை மாணவன். குடும்பங்கள் அங்கே கொண்டுபோய் விட்டதற்கு நம்பிக்கை மட்டும் காரணமில்லை. மருந்து எட்டாத தூரத்தில் இருந்தது, வெட்கம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஊருக்குத் திரும்புவது என்று அப்போது முடிவு செய்தேன்.

அந்த வெட்கம் ஒருநாள் என் வீட்டுக்கும் வந்தது. (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) மனைவியின் உறவில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்த்தார்கள். "அந்தப் பையன் உங்ககிட்ட வந்திருக்கானா?" என்று மனைவி கேட்டாள். "வந்தவங்களையும் சொல்ல மாட்டேன், வராதவங்களையும் சொல்ல மாட்டேன்" என்றேன். ஒருவரை 'இல்லை' என்று சொல்லிவிட்டால், அடுத்தவருக்கு நான் காக்கும் மௌனமே 'ஆமாம்' ஆகிவிடும். ரகசியம் காக்கும் கடமையை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எழுத்திலேயே வைத்திருக்கிறது. அதை வீட்டில் சொன்னால் எடுபடுமா? "இருபது வருசம் குடும்பம் நடத்துறேன், எனக்குக்கூடவா?" என்றாள்.

பையன் வந்திருந்தான். இருமுனை நோய். லித்தியத்தில் நான்கு வருடமாக நன்றாக இருந்தான். அடுத்த முறை வந்தபோது, "பொண்ணு வீட்ல சொல்லணுமா சார்?" என்று அவனே கேட்டான். நோய் இருப்பதாலேயே கல்யாணம் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை என்றேன். ஆனால் பரணில் ஒளித்த மாத்திரையை யாரும் ஒழுங்காகப் போட முடியாது. பெண் பார்த்துவிடுவாளே என்று கல்யாண வாரத்தில் நிறுத்துவார்கள். சடங்கு, விருந்தாள் என்று தூக்கமும் கெடும். நோய் திரும்ப வர அந்த இரண்டும் போதும். நிறையப் பேருக்கு அப்படி வந்து பார்த்திருக்கிறேன். "நீயே சொல்லு. கூட யாராவது வேணும்னா நான் வரேன்" என்றேன்.

அவனே போய்ச் சொன்னான். சம்பந்தம் முறிந்தது. எனக்கு முன்பே தெரியும் என்று ஊகித்த உறவினர்கள் இரண்டு வருடம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவள் தங்கை வளைகாப்புக்கு மனைவி தனியாகப் போய் ஓர் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வந்தாள். என்னுடைய தொழில் தர்மத்துக்கு அவள் கட்டிய வட்டி அது.

அவன் அடுத்த வரனிடம் முதல் சந்திப்பிலேயே சொன்னான். இப்போது ரத்தத்தில் லித்தியம் அளவு பார்க்கக் கூட்டிவருவது அவன் மனைவிதான்.

போன வருடம் ஒரு ராத்திரி போன் வந்தது. பேசாமல் இருந்த அந்த உறவுகளில் ஒருவர். அழுகிற குரல், என்னிடம் மட்டும் பேச வேண்டுமாம். மனைவி போனை என் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்ன விஷயம் என்று இன்றுவரை அவள் கேட்கவில்லை.