அரண் யாருக்கு?

எங்கள் புத்தூரில் ‘செக்யூரிட்டி’ என்றால் ஒரே பொருள்தான். நால்ரோட்டைச் சுற்றியுள்ள தனியார் மருத்துவமனை வாசல்களில் விசிலும் டார்ச் விளக்குமாக இரவெல்லாம் விழித்திருப்பவர். என் தந்தையாரும் அவர்களுள் ஒருவர். அவர் காப்பது ஒரு பெரிய கட்டடத்தை. ஆனால் அவருக்குக் காய்ச்சல் கண்டால் அந்தக் கட்டடத்தில் படுக்கை கிடைக்காது. அரசு மருத்துவமனைக்குத்தான் நடக்க வேண்டும். காவல் காப்பவருக்குக் காவல் யார் என்ற ஐயம் எனக்குச் சிறு வயதிலேயே எழுந்ததுண்டு.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இயற்பியல் படிப்பவனுக்கு உலக அரசியலில் என்ன வேலை என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். போட்டித் தேர்வுக்காக நூலகத்தில் பன்னாட்டுப் பாதுகாப்பு பற்றிய நூல்களைப் புரட்டியபோதுதான், என் ஐயமே உலக அறிஞர்களின் ஐயமாகவும் இருப்பதைக் கண்டேன். பாதுகாப்பு, பாதுகாப்பு என்கிறோமே, அது யாருக்கு?

பழைய கொள்கை ஒன்று உண்டு. உலக நாடுகளுக்கு மேலே ஒரு காவல்காரன் இல்லை. ஆகவே ஒவ்வொரு நாடும் தன் வலிமையால்தான் வாழ வேண்டும் என்பது அது. இதில் உள்ள இருதலைக்கொள்ளி நிலையை 1950-இல் ஜான் ஹெர்ஸ் என்ற அறிஞர் எடுத்துக் காட்டினார். ஒரு நாடு தன்னைக் காக்க ஆயுதம் வாங்குகிறது. அதைக் கண்டு அடுத்த நாடு அஞ்சித் தானும் வாங்குகிறது. முடிவில் இரண்டுக்கும் அச்சமே மிச்சம். நம் நாடு 1974-இல் பொக்ரானில் அணுவெடிச் சோதனை நடத்தியது. 1998 மே மாதம் மீண்டும் நடத்தியது. அதே மாதம் 28-ஆம் நாள் பாகிஸ்தானும் நடத்தியது. ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்றார் நியூட்டன். நாடுகளின் விஷயத்தில் எதிர்வினை சமமாக நிற்பதில்லை, வளர்ந்துகொண்டே போகிறது!

இதற்கு மாற்றாக ஒரு சிந்தனையும் பிறந்தது. நாடு பத்திரமாக இருந்தாலும் அதில் வாழும் மனிதன் பத்திரமாக இருக்கிறான் என்று சொல்ல முடியாது. சில வேளைகளில் அரசே அவனுக்கு ஆபத்தாகலாம் என்று 1983-இல் பாரி பூசன் என்பவர் ஒரு நூலில் எழுதினார். 1994-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்ட அறிக்கை, உணவு, உடல்நலம், வருவாய், சுற்றுச்சூழல் முதலிய ஏழு துறைகளிலும் மனிதனுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றது. அதன் பின்னணியில் இருந்தவர் பாகிஸ்தான் பொருளியல் அறிஞர் மஹ்பூப் உல் ஹக். நம் வள்ளுவர் ‘அரண்’ என்ற அதிகாரத்துக்கு முன்பாக ‘நாடு’ என்ற அதிகாரத்தை வைத்து, அங்கே பகையோடு பசியையும் நோயையும் சேர்த்தே எண்ணியிருக்கிறார் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

இவையெல்லாம் ஏட்டுச் செய்திகள் என்று ஒதுக்கிவிட வேண்டாம். நம் திருச்சியையே பாருங்கள். இங்கே 1966-இல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. விமான நிலையத்துக்கு அருகே கொட்டப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. பூசன் நூல் வெளிவந்த அதே 1983-இல், ஜூலை மாதம் இலங்கையில் நடந்த கொடுமைகளுக்குப் பின் தமிழர்கள் கடல் கடந்து வரத் தொடங்கினார்கள். தம் குடிமக்களைக் காக்க வேண்டிய அரசு காக்கவில்லை. காவல் தேடித்தான் அவர்கள் இங்கே வந்தார்கள்.

என் கல்லூரித் தோழன் ஒருவன் அந்த முகாமிலிருந்து வருகிறான். அவனுடைய தாயார் 1990-இல் சிறுமியாகப் படகில் வந்தவர். அவனும் நானும் பிறந்தது புத்தூர் அரசு மருத்துவமனையில்தான். ஆனால் நான் இந்தியன், அவன் அயல்நாட்டான். 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தாலே குடியுரிமை உண்டு. பிறகு பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இருக்க வேண்டும் என்று சட்டம் மாறியது; அதன் பின்னர் மேலும் இறுகியது. போட்டித் தேர்வுக்குச் சேர்ந்து படிக்கலாம் வா என்று ஒருநாள் அழைத்தேன். “நீ எழுது மச்சான். எனக்கு அந்தப் படிவத்துல நாடுங்கிற கட்டத்தோடயே நின்னுடும்” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அரசின் கவலையையும் நான் மறுக்கவில்லை. 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். எந்த நாடும் அதை எளிதில் மறக்க முடியாது. ஆயினும் சிலர் செய்த குற்றத்தின் நிழல் முகாம்களில் இருந்த அனைவர் மேலும் விழுந்தது. காவல் தேடி வந்தவர்கள் காவலில் வைக்கப்பட வேண்டியவர்களாகப் பார்க்கப்பட்டார்கள். அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் நம் நாடு கையெழுத்திடவில்லை. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. 2021-இல் தமிழக அரசு அகதிகள் முகாம்களை மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றி, புது வீடுகளும் அறிவித்தது. 2025-இல் மத்திய அரசு, பதிவு பெற்ற இலங்கைத் தமிழர்க்குக் கடவுச்சீட்டின்றி வந்த குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. இவை நல்ல தொடக்கங்களே. ஆனால் விலக்கு வேறு, உரிமை வேறு.

எல்லையில் விழித்திருக்கும் வீரர் நமக்கு வேண்டும், அவரை வணங்குகிறேன். ஆனால் எல்லைக்கு உள்ளே பிறந்து, நம்மோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படிப்பவனுக்கு நாளை என்ற ஒன்று இல்லையென்றால், நாம் எழுப்பும் அரண் முழுமையானதன்று. அடுத்த ஆண்டு என் தோழனும் பட்டம் பெறுவான். அதை எடுத்துக்கொண்டு அவன் எந்த வாசலில் போய் நிற்பான் என்பதும் நாட்டின் பாதுகாப்பைப் பற்றிய கேள்விதான். மாணவ நண்பர்களே, எண்ணிப் பாருங்கள்.