துருப்பிடித்த போல்ட்

பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு எஞ்சின் பெரிய கவலை தராது. வண்டிக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில் இருக்கிற நட்டும் போல்ட்டும்தான் ஒருநாள் வழிமறிக்கும்.

என் அத்தான் சதுரங்கப்பட்டினத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு கட்டிக்கொண்டவர். அவர் காலமான பிறகு அவருடைய 1989 மாடல் அம்பாசிடர் நாலு வருஷம் கொட்டகையிலேயே நின்றது. விற்க அக்காவுக்கு மனமில்லை. "நீ எடுத்துக்கிட்டுப் போய் சரி பண்ணுடா. ஒரு தடவையாவது அதுல திருக்கழுக்குன்றம் போயிட்டு வரணும்" என்றாள். அவளுக்கு வயது 80. ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது. பின்பக்க இடது ஸ்பிரிங்கில் ஒரு பட்டை உடைந்து, வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அந்த நிலையில் ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கொண்டுபோக முடியாது.

செங்கல்பட்டுக்குக் கட்டி இழுத்து வந்தோம். ஸ்பிரிங் கிடைத்துவிட்டது. அதன் முன்முனையைப் பிடித்திருக்கும் போல்ட்டுதான் அசையவில்லை.

செங்கல்பட்டுக்கும் கடற்கரைக்கும் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் இங்கே நின்ற வண்டியின் போல்ட்டும் அங்கே நின்ற வண்டியின் போல்ட்டும் ஒன்றல்ல. கடல்காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். துரு வேகமாக ஏறும். துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே அத்தனை இடம் ஏது? அதனால்தான் அப்படி இறுகுகிறது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கல்லிலேயே உப்பு ஏறி, தொல்லியல் துறையினர் காகிதக் கூழை அப்பி அதை உறிஞ்சி எடுக்கிறார்கள். கல்லுக்கே அந்தப் பாடென்றால் இரும்பு எம்மாத்திரம்?

முதலில் பார்த்த பட்டறையில் ஒரு பையன் நீளக் குழாயை ஸ்பேனரில் மாட்டித் தொங்கப் பார்த்தான். தடுத்து, வண்டியை வேறொரு வயதான மேஸ்திரியிடம் கொண்டுபோனேன். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது இது: "போல்ட்டு போனா போவட்டும் சார், கடையில வாங்கிக்கலாம். அது மாட்டியிருக்கிற இடம் போனா வண்டியே போச்சு."

அவர் சொன்னது முழு உண்மை. லாரிக்கு இருப்பதுபோல் அம்பாசிடருக்குத் தனி சேசிஸ் கிடையாது. பாடியே சேசிஸ். ஸ்பிரிங்கைத் தாங்கும் பிராக்கெட் பாடியோடு சேர்ந்தது. அது கிழிந்தால், 1948-இல் தொடங்கிய உத்தர்பாரா தொழிற்சாலை 2014-இல் மூடிய பிறகு யாரிடம் போய்க் கேட்பது? அம்பாசிடர் என்ற பெயரைக்கூட 2017-இல் பிரெஞ்சுக் கம்பெனியான பேஜோ 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டுபோய்விட்டது.

மேஸ்திரி அவசரப்படவில்லை. ஜாக்கியை மட்டும் நம்பாமல் பாடிக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு கொடுத்தார். சுத்தியால் தட்டும்போது ஜாக்கி நழுவினால் அடியில் இருக்கும் ஆள் கதி அவ்வளவுதான். கம்பி பிரஷ்ஷால் மரையைத் துலக்கி, துரு இளக்கும் எண்ணெயை விட்டுவிட்டு, "நாளைக்கு வாங்க" என்றார். மூன்று நாள் காலையும் மாலையும் எண்ணெய்; போல்ட் தலையில் லேசான தட்டு. அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்குமாம்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். இப்படி இறுகிப்போன போல்ட்டைப் பிரெஞ்சில் 'கிரிப்பே' என்பார்கள். 'கிரிப்' என்றால் ஃபுளு காய்ச்சல். நாமும் சளி பிடித்தது, துரு பிடித்தது என்று ஒரே சொல்லைத்தானே சொல்கிறோம்! மேஸ்திரியிடம் சொன்னேன். "அப்போ வைத்தியமும் ஒண்ணுதான் சார். எண்ணெய், சூடு, ஓய்வு" என்று சிரித்தார்.

நாலாம் நாள் ஸ்பேனர் வைத்தார். பழைய அம்பாசிடரில் பல போல்ட்டுகள் அங்குல அளவு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அதில் 13-ஆம் நம்பர் ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் தலை மழுங்கிவிடும். சரியான ரிங் ஸ்பேனரைப் போட்டு முதலில் இறுக்கும் பக்கமாகத்தான் இம்மியளவு திருப்பினார். துரு உடையும் சத்தம் 'டிக்' என்று கேட்டது. பிறகு கால் சுற்று கழற்றல், கொஞ்சம் இறுக்கல், மறுபடி எண்ணெய். நடுவில் ஒருமுறை நட்டை மட்டும் கேஸ் வைத்துச் சூடேற்றினார். நட்டு விரிந்தால் பிடி தளரும். பெட்ரோல் குழாய்மேல் நனைத்த சாக்கு, பக்கத்தில் ஒரு வாளி மணல்.

நட்டு வந்தது, போல்ட் வரவில்லை. ரப்பர் புஷ்ஷின் நடுவிலுள்ள இரும்புக் குழாயோடு அது ஒட்டிப்போயிருந்தது. திருப்பினால் ரப்பரும் கூடவே முறுக்கிக்கொண்டு, விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பியது. இனி தட்டினால் பிராக்கெட்டுக்கு ஆபத்து என்று மேஸ்திரி சுத்தியைக் கீழே வைத்துவிட்டார். ஸ்பிரிங் முனைக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே ரம்பத்தை நுழைத்து, இரண்டு பக்கமும் போல்ட்டை அறுத்தார். அரை நாள் ஆயிற்று. பழைய புஷ்ஷும் போயிற்று. பிராக்கெட்டில் கீறல்கூட இல்லை.

புதுப் போல்ட்டு தலையில் மூன்று கோடு போட்டது. அங்குல போல்ட்டில் அது உறுதிக்கு அடையாளம். ஜன்னலுக்குப் போடும் சாதா போல்ட்டை இங்கே போடக்கூடாது. குழாய்க்குள் நுழையும் பகுதியில் மெல்ல கிரீஸ் தடவினார். கடைசி இறுக்கலை, வண்டியைக் கீழே இறக்கிச் சக்கரத்தில் நிறுத்திய பிறகுதான் செய்தார். தூக்கி வைத்தபடியே இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

ஆர்.சி. ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தாகிவிட்டது. போன பௌர்ணமிக்கு அக்காவை முன் ஸீட்டில் உட்காரவைத்துத் திருக்கழுக்குன்றம் அழைத்துப்போனேன். மலையேற அவளால் முடியாது. கீழே தாழக்கோயிலில் பக்தவத்சலேஸ்வரரைத் தரிசித்தோம். வண்டி இப்போது செங்கல்பட்டில் என் வீட்டு வாசலில் நிற்கிறது. கடற்கரைப் பக்கம் போய்வந்தால் அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிடுகிறேன்.