ரெடிமேட்னா கேவலமா பாஸ்?

"லைப்ரரியிலேருந்து எடுத்துப் போட்டா, அது என் புரோகிராம் ஆகுமாண்ணா?"

ஃபைனல் இயர் படிக்கிற தம்பி ஒருத்தன் கேட்ட கேள்வி. அவன் காலேஜில் புராஜெக்ட்டுக்கு ஒரு கண்டிஷன்... தேதிக் கணக்கு முதற்கொண்டு எல்லாமே சொந்தமா எழுதணும், ரெடிமேடா எடுத்தா மார்க் கட்! பையன் ஹாஸ்டல் மெஸ் பில்லுக்காக மூணு ராத்திரி லீப் வருஷத்தோட மல்லுக்கட்டியிருக்கான்.

சொந்தமா எழுதிப் பழகறது நல்லதுதான். ஆனா, நாலு பேர் உபயோகிக்கப் போற புரோகிராமில்?

2008 டிசம்பர் 31. மைக்ரோசாஃப்ட்டின் 30 ஜிபி 'ஸூன்' மியூசிக் பிளேயர்கள் கூட்டமா உறைஞ்சு நின்னுடுச்சு. காரணம், நாள் கணக்கிலேருந்து வருஷத்தைக் கண்டுபிடிக்கிற குட்டி லூப். '365-க்கு மேலயா?' ஆமாம். 'லீப் வருஷமா?' ஆமாம். '366-க்கு மேலயா?' இல்லை. அவ்வளவுதான், எதையும் கழிக்காம மறுபடி முதல் கேள்விக்கே வந்து செக்குமாடா சுத்திச்சு. பேட்டரி தீர்ந்து, மறுநாள் பொறந்த பிறகுதான் விமோசனம்! பல வருஷமா பலர் அடிச்சுத் துவைச்ச லைப்ரரி இருக்கும்போது, நமக்கு எதுக்குங்க அந்தச் செக்கு?

அப்போ ரெடிமேட்ல தப்பே இருக்காதா? இருக்கும். வரிசையா அடுக்கின லிஸ்ட்டில், பாதி பாதியா ஒதுக்கித் தேடற 'பைனரி சர்ச்' தெரியுமில்லையா? ஜாவா லைப்ரரியில் அதை எழுதினவர் ஜோஷுவா பிளாக். லேசுப்பட்ட ஆள் இல்லை. நடு இடத்துக்காக ரெண்டு முனையையும் கூட்டி இரண்டால் வகுத்தார். நாமும் அப்படித்தானே எழுதுவோம்? ஆனா, லிஸ்ட் சுமார் 107 கோடியைத் தாண்டினா, கூட்டுத்தொகை 2,147,483,647-ஐ மீறி மைனஸில் விழுந்துடும். ஒன்பது வருஷம் போல கமுக்கமா கிடந்த இந்த பக்-கைப் பத்தி 2006-ல் அவரே ஊரறிய எழுதினார். திருத்தினது ஒரே இடத்தில். திருத்தின ஜாவாவுக்கு மாறின அத்தனை பேருக்கும் சரியாச்சு. அதே கணக்கைத் தன் கையால எழுதி வெச்சவங்க? அது எந்த சர்வரில் இன்னும் தூங்குதோ!

அதனால நான் ரெடிமேட் கட்சி. கண்ணை மூடிக்கிட்டு இல்லை. 2016 மார்ச்சில், எழுத்துகளுக்கு முன்னாடி இடம் நிரப்பற 'லெஃப்ட்-பேட்'னு ஒரு பேக்கேஜை, ஏதோ பெயர்த் தகராறில் கோபிச்சுக்கிட்டு என்.பி.எம்-மிலிருந்து உருவிட்டார் எழுதினவர். அதை நம்பியிருந்த பெரிய பெரிய புராஜெக்ட்டெல்லாம் படுத்துடுச்சு. அது மொத்தமே 11 வரி! அதுக்குமா ஊரான் வீட்டு நெய்?

தேதி, பாஸ்வேர்டு சமாச்சாரமா, சொந்தச் சரக்கே வேணாம். பத்து வரி வேலையா, நீங்களே எழுதுங்க. நெட்டில் சுட்டதோ, ஏ.ஐ. தந்ததோ, ஒட்டறதுக்கு முன்னாடி வரி வரியா படிங்க. பிப்ரவரி 29-ஐக் கொடுங்க, காலி லிஸ்ட்டைக் கொடுங்க, என்ன சொல்லுதுன்னு பாருங்க. எங்கேருந்து எடுத்ததுன்னு மேலே ஒரு கமென்ட்டும் போட்டுடுங்க. வைவாவில் தலையைச் சொறிய வேணாம் பாருங்க!