சொந்த வீடு

ஓய்வு பெற எனக்கு இன்னும் மூன்றாண்டுகளே உள்ளன. தோட்டப் பள்ளியின் ஆசிரியர் குடியிருப்பிலேயே காலம் கழிந்துவிட்டமையால் சொந்த வீடில்லை. பணியாற்றிய ஊரிலேயே வாங்குவோம் என்றேன். தாம் பிறந்த ஈப்போவில் வாங்குவோம் என்றார் என் துணைவியார்.

நான் கால்டுவெல் ஐயரைச் சான்று காட்டினேன். அயர்லாந்தில் பிறந்த அப்பெருமகனார் 1838இல் சமயப் பணியாளராகச் சென்னை வந்தார். 1841இல் செம்மணல் தேரி சூழ்ந்த இடையன்குடியைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். அங்கே தெருக்களை ஒழுங்குற அமைத்தார். 1847இல் தொடங்கிய தேவாலயம் 1880இல் நிறைவெய்தியது. இடையே, 1856இல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தையும் வெளியிட்டார். 1891இல் கோடைக்கானலில் மறைந்தபோதும் அவருடல் இடையன்குடிக்கே திரும்பியது.

என் நூலைப் புரட்டிப் பார்த்த துணைவியார், "அவர் மனைவி எலைசா நாகர்கோவில் மறைப்பணியாளரின் மகளாமே! அவருக்குப் பிறந்தகம் அருகிலிருந்தது. நான் முப்பதாண்டு என் ஊரை விட்டிருந்தேனே!" என்றார்.

கால்டுவெல்லைப் பலமுறை கற்பித்த நான் எலைசாவை ஒருமுறையும் எண்ணியதில்லை. தொண்டு செய்பவன் பிறிதோர் ஊரைத் தன்னூராக்கிக் கொள்கையில், அதன் விலையில் ஒரு பகுதியை இல்லாளே செலுத்துகிறாள்.

ஈப்போவில் முன்பணம் கட்டிவிட்டேன். ஒப்பந்தத்தில் என் துணைவியார் பெயரே முதலில் உள்ளது.