குழித்தறியிலிருந்து வியாழனுக்கு

ஆரணியில் என் அக்கா வீட்டில் விண்வெளிக்குப் போவதற்குத் தனியாக ஒரு வாகனம் உண்டு. தறி ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து அக்கா மகள் அதில் ஏறிவிடுவாள். நெசவாளர் காலை இறக்கும் குழிதான் ஓட்டுநர் அறை. ஒரு மிதி வேகம், இன்னொன்று பிரேக். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டியிலிருந்து தொங்கும் துளை போட்ட அட்டைகள் வானத்தின் வரைபடம். துளை இருக்கும் இடத்தில் பாவு இழை மேலே எழும், இல்லாத இடத்தில் கீழேயே கிடக்கும். சேலையில் மயிலும் மாங்காயும் விழுவது இப்படித்தான். அவளுக்கோ கூரைக் கண்ணாடியின் வெயில் புகுந்து மின்னும் துளை ஒவ்வொன்றும் நட்சத்திரம்.

சந்திரயான்-3 நிலவில் இறங்கிய 2023 ஆகஸ்ட் 23 முதல் இந்த வாகனத்துக்கு மவுசு கூடிவிட்டது. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர்; அதாவது, பக்கத்து ஊர். "நிலா முடிஞ்சிபோச்சி மாமா, இனிமே வியாழன்தான்" என்று அவள் அறிவித்த பிறகு, காவலூருக்கு அழைத்துப் போவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆரணியை ஒட்டி ஓடும், பெரும்பாலும் மணலாகவே கிடக்கும், கமண்டல நாகநதி ஜவ்வாது மலையில்தான் பிறக்கிறது. அந்த மலையில்தான் காவலூர் வானாய்வகமும் இருக்கிறது. போளூர் தாண்டி மலைப்பாதை ஏறியது. பலா மரங்கள், சாமை விளையும் மேட்டு நிலங்கள், ஜமுனாமரத்தூரில் ஒரு தேநீர். அதற்கப்புறம் காடு அடர்ந்தது.

தெளிந்த வானமும் வேண்டும், நிலநடுக்கோட்டுக்குப் பக்கமாகவும் இருக்க வேண்டும் என்று 1960களில் இடம் தேடிய வானியலாளர் வேணு பாப்பு தேர்ந்தெடுத்த ஊர் காவலூர். பன்னிரண்டரை பாகை வடக்கே இருப்பதால் துருவ நட்சத்திரமும் தெரியும், தென்சிலுவையும் தெரியும். கொடைக்கானல் பட்டறையில் செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு ஆய்வகம் தொடங்கியது; 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 2.34 மீட்டர் ஆடி கொண்ட பெரிய தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறக்கப்பட்டபோது அவர் இல்லை, 1982-லேயே காலமாகிவிட்டார். அதற்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

அந்த வெள்ளைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்த பெண் கேட்டாள்: "ராக்கெட் எங்க?"

இல்லை என்றேன்.

"அப்ப இது எங்கயும் போவாதா?"

போகாது. உலகத்தின் பெரிய வானாய்வாளர்கள் எல்லாரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே போய் வந்தவர்கள்தான், குழித்தறியில் இவள் போவதைப் போல. சொல்லிப் பார்த்தேன், முகம் தெளியவில்லை.

சனிக்கிழமை மாலைகளில் பொதுமக்களுக்குச் சிறிய தொலைநோக்கி ஒன்றில் வானம் காட்டுகிறார்கள். தை மாதம், மேகமில்லை, வியாழன் பூமிக்கு அருகில் வந்திருந்த பருவம். அவள் முறை வந்தது. கண்ணை வைத்தவள் எடுக்கவே இல்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பட்டை போட்ட ஒரு சின்ன வட்டு, அதன் பக்கத்தில் கோடு பிடித்தாற்போல் நான்கு நிலவுகள். அவற்றில் பெரியது கனிமீடு. 1972-ல் அது ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடந்ததை இதே காவலூரிலிருந்து கவனித்துத்தான், அதற்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்றார்கள். "நீ இப்பப் பாக்குற வெளிச்சம், நாம வரிசையில வந்து நின்னப்ப அங்கருந்து கிளம்புனது; முப்பத்தஞ்சி நிமிஷம் ஆவுது" என்றேன்.

"நம்ம போவ வேணாம், அதுவே வருதா!"

இந்த ஒரு வரியை எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. பிறகு ஓரியன் நெபுலாவைப் பார்த்தோம், பஞ்சுப் பிசிறு மாதிரி. அதன் ஒளி கிளம்பியது ஏழாம் நூற்றாண்டு வாக்கில், மாமண்டூரில் பல்லவர்கள் பாறையைக் குடைந்த அதே நூற்றாண்டில்.

வரலாற்றில் எனக்குப் பிடித்த காவலூர் இரவு 1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போகிறது என்று காத்திருந்தார்கள். மறைப்பதற்கு முன்பே நட்சத்திரம் சட்டென்று மங்கி மீண்டது. அங்கிருந்து கவனித்த பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் புதிய நிலவு ஒன்று குறுக்கே வந்ததாக எழுதினார்கள். அதே இரவில் விமானத்திலிருந்து பார்த்த அமெரிக்கக் குழு கண்டதோ அடுத்தடுத்துப் பல மங்கல்கள். யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. காவலூரில் பிடிபட்டதும் வளையம்தான். பெயர் அமெரிக்கர்களுக்குப் போனதில் எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம். வானத்துக்கு அந்த வருத்தமெல்லாம் கிடையாது.

ஆலங்காயம் வழியாக இறங்கும்போது, 1988-ல் ராஜமோகன் காவலூரிலிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்த கதையைச் சொன்னேன்.

"கணக்குப் போடுவாரே, அவரா? எனக்கு ஒண்ணு கெடைச்சா நானே பேரு வெக்கலாமா?"

கண்டுபிடித்தவர் சொல்லலாம், சர்வதேச வானியல் ஒன்றியம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றேன். ஒன்றியத்தை அவள் பொருட்படுத்தவில்லை. கைப்பேசியில் சிக்னல் வந்ததும் வீட்டில் தார் சுற்றிக்கொண்டிருந்த ஆயாவை அழைத்து, "உன் பேர ஒரு கல்லுக்கு வெக்கப்போறேன்" என்றாள்.

ராட்டைச் சத்தம் நிற்காமலே பதில் வந்தது: "கல்லுக்கா? ஏண்டி, நட்சத்திரம் ஒண்ணுகூட மிச்சம் இல்லியாமா?"