ஒரு பி.காம் மாணவனும் நாலு எல்இடி விளக்குகளும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படிப்பது பி.காம் மூன்றாம் ஆண்டு. எஃப்பிஜிஏ பற்றி எழுத எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன். தெரிந்தவர்கள் எழுதியதெல்லாம் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் புரிகிறது :-)

கதை இதுதான். பத்தாம் வகுப்பு மார்க் சொதப்பியதால் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் கிடைக்காமல் காமர்ஸுக்கு வந்தவன் நான். அந்த வருத்தம் இன்னும் முழுசாகப் போகவில்லை. எலக்ட்ரானிக்ஸ் படித்த பெரியம்மா மகள் போன லீவில் ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்தாள். "ஒரு மாசம் வச்சுக்கோ. நீயா ஒரு எல்இடியை எரிய வச்சுட்டா போர்டு உனக்கு. இல்லைன்னா திருப்பிக் கொடுத்துட்டு ஒழுங்கா சிஏவுக்குப் படி."

உள்ளே இருந்தது பிங்க்-இஸட்2 என்ற போர்டு. அதன் நடுவில் இருக்கும் ஸிங்க்-7020 சிப்பில் ரெண்டு ஆட்கள் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். ஒருவர் ரெட்டை கோர் ஆர்ம் கார்ட்டெக்ஸ்-ஏ9 பிராசசர். லினக்ஸ் ஓடுவது இவரிடம். இன்னொருவர் எஃப்பிஜிஏ. இவருக்கென்று நிரந்தர வேலை கிடையாது, நாம் கொடுக்கும் வடிவமைப்புக்குத் தகுந்தபடி சர்க்யூட்டாகவே மாறிவிடுவார்.

எப்படி மாறுகிறார்? பழைய வட்டிக்கடைகளில் ரெடி ரெக்கனர் புத்தகம் பார்த்திருப்பீர்கள். கணக்கே போடாமல் வரிசையைப் பார்த்து விடையை எடுத்துக்கொள்வார்கள். எஃப்பிஜிஏவின் அடிப்படையும் அதுதான், பெயர் லுக்-அப் டேபிள். ஆறு உள்ளீடு என்றால் 64 விடைகளை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் குட்டி ரெடி ரெக்கனர். இந்தச் சிப்பில் அப்படி 53,200 இருக்கின்றன. 1985-ல் ஸைலிங்ஸ் கம்பெனி விட்ட முதல் எஃப்பிஜிஏவில் இருந்தது மொத்தமே 64 லாஜிக் பிளாக்! (2022-ல் அந்தக் கம்பெனியையே ஏஎம்டி வாங்கிவிட்டது.)

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் நாள் மெமரி கார்டில் லினக்ஸ் இமேஜை எழுதி, போர்டில் செருகி, பவர் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் பூட் ஜம்பர் என்று ஒன்று இருப்பதையே பார்த்தேன். அதை எஸ்டி என்ற இடத்துக்கு மாற்றியதும் ஒரு நிமிஷத்தில் விளக்குகள் மின்னின. நெட்வொர்க் கேபிளை மாட்டி, லேப்டாப்புக்கு 192.168.2.1 என்று முகவரி வைத்து, பிரவுசரில் 192.168.2.99 என்று அடித்தால் ஜூபிட்டர் நோட்புக் வந்து நிற்கிறது. அதில் பைத்தான் எழுதலாம். ஏற்கெனவே இருந்த உதாரணத்தை ஓட்டினேன், எல்இடி எரிந்தது.

ஆனால் "நீயா எரிய வச்சா" என்றுதானே அக்கா சொன்னாள்? அடுத்தவர் நோட்டைப் பார்த்து எழுதினால் பாஸ் ஆகுமா?

அதனால் விவாடோவை இறக்கினேன் (பல பத்து ஜிபி, ஹாஸ்டல் வைஃபையில் ரெண்டு ராத்திரி). பிராசசர், அதோடு ஜிபிஐஓ என்ற ஒரு பிளாக், அதிலிருந்து நாலு எல்இடிக்கு வயர். இவ்வளவுதான் என் டிசைன். விவாடோ அந்த ஜிபிஐஓவுக்கு ஹெக்ஸில் 41200000 என்று ஒரு முகவரி கொடுத்தது. நம்ம லெட்ஜர் ஃபோலியோ நம்பர் மாதிரிதான். பிராசசர் அந்தப் பக்கத்தில் ஒரு எண்ணை எழுதினால் அது விளக்குக்குப் போய்ச் சேரும். 15 என்று எழுதினால், பைனரியில் 1111, நாலும் எரிய வேண்டும்.

எழுதினேன். எரியவில்லை.

எரர் வந்திருந்தாலாவது கூகிளில் தேடலாம். எரரும் இல்லை. பிட் ஃபைலும், அதன் விவரம் சொல்லும் எச்டபிள்யூஎச் ஃபைலும் ஒரே பெயரில் இருக்கின்றனவா என்று பார்த்தேன். இருந்தன. பின் நம்பர்களைச் சரிபார்த்தேன். மறுபடி பில்ட் செய்தேன், என் பழைய லேப்டாப்பில் ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம். இப்படியே நாலு ராத்திரி போனது. மாசம் முடிய மூன்று நாள் இருந்தது. பெட்டியில் எடுத்து வைத்துவிடலாம், நமக்கு டெபிட்டும் கிரெடிட்டும் போதும் என்று நிஜமாகவே முடிவு செய்துவிட்டேன்.

கடைசியாகத்தான் அந்த ஜிபிஐஓ பிளாக்கின் கையேட்டைத் திறந்தேன். முதல் நாளே படித்திருக்க வேண்டியது. ஒரே முகவரிக்குள் ரெண்டு பக்கம் இருக்கிறது. 0-வது இடத்தில் மதிப்பு, 4-வது இடத்தில் திசை. திசையில் 1 என்றால் உள்ளே வருவது, 0 என்றால் வெளியே போவது. ஆரம்பத்தில் எல்லாமே 1! டிசைன் செய்யும்போது 'எல்லாம் அவுட்புட்' என்ற கட்டத்தை நான் டிக் செய்யவில்லை. அதாவது நாலு நாளாக வரவுப் பக்கத்தில் செலவை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு காமர்ஸ் மாணவன் செய்கிற தப்பா இது?

4-வது இடத்தில் 0. 0-வது இடத்தில் 15.

நாலு விளக்கும் எரிந்தன. மணி விடிகாலை 3.10. ரூம்மேட்டை எழுப்பிக் காட்டினேன். "இதுக்கா எழுப்பினே?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

காலையில் அக்காவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். "டைரக்ஷன் ரிஜிஸ்டரா? ஃபைனல் இயர் பிராஜெக்ட்ல நான் அதுல ஒரு வாரம் மாட்டினேன்டா" என்றாள்.

எனக்கு போர்டு கிடைத்ததைவிட அந்த 'ஒரு வாரம்'தான் பெரிசாகப்பட்டது. இத்தனை வருஷம், குரூப் மாறிப் போனதால் எனக்கு மட்டும்தான் புரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மூன்றே விஷயம். ஜம்பரைப் பாருங்கள். முகவரியை மனப்பாடம் செய்யாதீர்கள், டிசைன் மாறினால் அதுவும் மாறும். எரர் வரவில்லை என்பதால் எல்லாம் சரி என்று நம்பாதீர்கள். டிரயல் பேலன்ஸ் டேலி ஆனாலும் உள்ளே தப்பு இருக்கலாம் என்று நமக்கு முதல் வருஷமே சொல்லிக் கொடுத்ததுதானே?

பி.கு: சிஏவுக்கும் படிக்கிறேன் அக்கா. சத்தியமாக.