691 சொன்ன பொய்

ஓய்வுபெற்று கட்டைபறிச்சானுக்கு வந்த பிறகு, இணையம் படுத்தால் நானும் எல்லாரையும்போல வாடிக்கையாளர் சேவைக்குத்தான் போன் எடுக்கிறேன். போன கிழமை பேசிய பிள்ளை, "அங்கிள், மோடத்தை ஓஃப் பண்ணி ஒரு நிமிசத்தால போடுங்கோ" என்றது. ஏன் ஒரு நிமிடம் என்று கேட்டேன். "அப்பிடித்தான் சொல்லச் சொன்னவை" என்றது.

அந்த ஒரு நிமிடத்துக்குக் காரணம் இருக்கிறது. கரண்ட் போனால் மோடம் சொல்லாமல் கொள்ளாமல் செத்துவிடும். மறுமுனையில் உங்கள் இணைப்பை ஏற்கும் சேர்வரான நாஸ், எக்கோ அனுப்பிப் பார்த்து, சில எக்கோவுக்குப் பதில் இல்லாமல் போன பிறகுதான் இணைப்பை அறுத்து, ஆளைச் சரிபார்த்துக் கணக்கு வைக்கும் ரேடியஸ் சேர்வருக்கு 'ஸ்டொப்' அனுப்பும். அதுவரை நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள் என்பது ரேடியஸின் கணக்கு. ஒரு கணக்குக்கு ஓர் இணைப்பு என்று விதி போட்டிருந்தால், கரண்ட் வந்தவுடன் சரியான பாஸ்வேர்டோடு போனாலும் ரிஜெக்ட்தான். அந்த ஸ்டொப் யூடிபியில் வருகிறது. வழியில் தொலைந்தால் உங்கள் பெயர் ஒன்லைன் பட்டியலில் மணிக்கணக்காகக் கிடக்கும். மூதூர்ப் பக்கம் கரண்ட் எப்படிக் கண்ணடிக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

விண்டோஸ் இதற்குக் காட்டியது 691. பயனர் பெயரோ கடவுச்சொல்லோ பிழை என்று அர்த்தம். அந்த எண்ணால் எத்தனை பேர் தங்கள் பாஸ்வேர்டையே சந்தேகித்தார்கள், எத்தனை பேருக்கு அலுவலகம் வீணாகப் புதிய பாஸ்வேர்ட் போட்டுக் கொடுத்தது என்று நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

ரேடியஸை 1991இல் லிவிங்ஸ்டன் நிறுவனம் டயல்-அப்புக்காகச் செய்தது. இப்போது புழக்கத்தில் உள்ள விதிகள் 2000 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 2865. லொகின் கேள்விக்கு அதில் மூன்று பதில்கள்: அக்செப்ட், ரிஜெக்ட், சலெஞ்ச். நாலாவது ஒன்று உண்டு, அது பக்கெட்டாக வராது. சேர்வர் பேசாமல் இருப்பது. நாஸ் திரும்பத் திரும்பக் கேட்டுக் களைத்து, ஒதென்டிகேஷன் தோல்வி என்று மோடத்துக்குச் சொல்லிவிடும். அதற்கும் 691தான். மறுத்ததும் வாய் திறக்காததும் வாடிக்கையாளருக்கு ஒரே எண்.

இந்த வித்தியாசத்தை எனக்குள் ஏற்றியவர் எங்கள் தலைமைப் பொறியியலாளர். வடமராட்சிக்காரர், பெயர் போட்டால் கோபிப்பார். நான் கொழும்பில் ஓர் இணைய நிறுவனத்தில் இருந்த காலத்தில் மாலையில் சில நாள் லொகின் விழும், சில நாள் விழாது. அதிலும் முறைப்பாடு அதிகம் வந்தது திருகோணமலையிலிருந்து, குறிப்பாக மூதூர், சேனையூர், எங்கள் ஊர். "அந்தப் பக்கம் லைன் சரியில்லை" என்று கூட்டத்தில் ஒருவர் முடித்துவைத்தார். போர் முடிந்த கையோடு இருந்த காலம், யாரும் மறுக்கவில்லை. அதற்குள் யாரோ டேட்டாபேஸை ரீஸ்டார்ட் செய்வார், லொகின் ஓடும், அவருக்குக் கைதட்டு.

பொறியியலாளர் அண்ணை ரீஸ்டார்ட்டைத் தடைசெய்தார். "தம்பி, பதில் வராத கேள்வியளை மட்டும் எடுத்துக்கொண்டு வாரும்" என்றார். ரேடியஸின் 1812ஆம் போர்ட்டில் டிசிபிடம்ப் போட்டுப் பக்கெட்டுகளைப் பிடித்து, ஒவ்வொரு கேள்விக்கும் பதிலைச் சோடி சேர்க்கவேண்டும். ஐடென்டிஃபயர் ஒரே பைட், 256 எண்தான். நெரிசலில் அதே எண் மறுபடி வரும். அதை மட்டும் பார்த்துச் சோடி சேர்த்த தாளை அவர் திருப்பி எறிந்தார். நாஸின் ஐபி, சோர்ஸ் போர்ட், கேள்வியில் உள்ள பதினாறு பைட் ஒதென்டிகேட்டர் எல்லாம் எழுதவேண்டும். பென்சிலால்.

சோடியில்லாத கேள்விகள் கொத்துக் கொத்தாக வந்தன. அந்த நேரங்களில் லொக்கில் பாஸ்வேர்ட் பிழை என்று ஒரு வரி இல்லை. பழைய கேள்வி முடியவில்லை, அதனால் அதன் நகலைக் கைவிடுகிறேன் என்ற வரிதான் திரும்பத் திரும்ப இருந்தது. பிடிபட்டது பில்லிங் அறிக்கை. கணக்குப் பிரிவில் ஒருவர் தன் வசதிப்படி மாலையில் அக்கவுன்டிங் டேபிளை முழுதாகப் படிப்பார். அது மைஐசாம் வகை டேபிள், பூட்டினால் முழு டேபிளும் பூட்டும். வாசிப்பு முடியும்வரை எழுத வந்தது காத்திருக்கும். எழுதக் காத்திருப்பதற்குப் பின்னால் அடுத்த வாசிப்பும் நிற்கும். இவர் ஏற்கனவே உள்ளே இருக்கிறாரா என்று பார்க்கும் வாசிப்பும் அதே டேபிளில்தான். ரீஸ்டார்ட்டில் அந்த அறிக்கை செத்துவிடும், அதனால் 'சரிவந்தது'. கணக்குக்காரர் பிறகு மறுபடி ஓட்டுவார்.

லைனில் குற்றமில்லை. உள்ளே இருப்பவனுக்கு இந்தப் பிழை தெரியாது, புதிதாக நுழைபவனுக்கே தெரியும். கொழும்பில் மோடம் நாள் முழுக்க இணைந்தே கிடந்தது. எங்கள் பக்கம் கரண்ட் போய்ப் போய் வந்ததால் சனம் மாலையில் திரும்பத் திரும்ப லொகின் செய்தது. தலைமை அலுவலகத்தின் பிழையை அளந்து காட்டியது எங்கள் சனம். அதைக் கூட்டத்தில் சொன்னேன். குறிப்பேட்டில் ஏறவில்லை.

இப்போதுள்ளவர்களுக்கு ரேடியஸ் கிழட்டுச் சாமான். 2024 ஜூலையில் பிளாஸ்ட்ரேடியஸ் என்ற ஓட்டை வெளிவந்தபோது பழைய எம்டி5 என்று சிரித்தார்கள். சிரிக்கலாம். அலுவலக வைஃபையும் கம்பஸ்களின் எடுரோமும் இன்றைக்கும் அந்தக் கிழட்டுச் சாமானில்தான் ஆளை அடையாளம் காண்கின்றன. அதில் ஒரு கேள்விக்கு ஏன் பதில் வரவில்லை என்று பக்கெட்டைப் பிரித்துப் பார்க்கும் பொறுமை எத்தனை பேரிடம் இருக்கிறது? டாஷ்போர்ட் பச்சை என்றால் அவர்களுக்கு எல்லாம் பச்சை.

அந்தப் பச்சையும் ஒரு கதை. அந்தக் காலத்தில் எங்கள் டாஷ்போர்டின் நிறத்தை முடிவுசெய்த சோதனைப் பயனர் சேர்வரின் ஃபைலில் இருந்தார், டேட்டாபேஸில் இல்லை. அக்கவுன்டிங் டேபிளை அவர் தொடுவதேயில்லை. சேர்வரில் ஒரு திரெட் சும்மா இருந்தால் போதும், உள்ளே போய்விடுவார். அறிக்கையைப் பிரதி டேட்டாபேஸுக்கு மாற்றிய கையோடு, சோதனைப் பயனரையும் டேட்டாபேஸுக்குள் போட்டு, வாடிக்கையாளர் நடக்கிற அதே வழியால் நடக்கவைத்தோம். நான் விலகிய பிறகு அவரை மறுபடி ஃபைலுக்கு மாற்றிவிட்டார்களாம். கேட்டதற்கு வந்த பதில்: "வரைபடம் அடிக்கடி சிவப்பாகுது, மேலதிகாரிகள் கேக்கினம்."